விலையில்லா மைனா

உப்புக்கடலுக்கு வடக்கே, யாரும் ஏறிப் பார்க்காத மலைக்குத் தெற்கே, செவிநாடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. தட்டுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. யாராவது இறந்தால் தட்டுவார்கள். மற்ற எல்லாச் சேதிக்கும் குழாய் இருந்தது.

மூங்கில் குழாய். அரண்மனையிலிருந்து கிளம்பி, வீதி வீதியாகப் பிரிந்து, வீட்டுக்கு ஒரு பெருங்குழாயாக நுழைந்து, உள்ளே அறைக்கு ஒன்றாகக் கிளைக்கும். சந்தை விலை, மழைச் சேதி, மகள் வீட்டு நலம், வைத்தியர் சொல்லும் பத்தியம் எல்லாம் அதில்தான் வரும், அதில்தான் போகும். பெருங்குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு மூடி. மூடிக்குப் பக்கத்தில் ஒரு மைனா. உள்ளே வரும் குரல் தன் பெயரைச் சொல்ல வேண்டும். வெளியே போகும் குரல், யாரைத் தேடிப் போகிறது என்று சொல்ல வேண்டும். மைனா அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி மூடியைத் தூக்கும். கூலி ஒரு கைப்பிடிக் கம்பு. மைனா பொய் சொல்லாது என்பது செவிநாட்டின் நம்பிக்கை. மைனா சொன்னால் சொன்னதுதான்.

குழாய்க்குக் கட்டணம் கிடையாது. அதை அந்நாட்டார் வெளியூரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கட்டணத்துக்குப் பதிலாகக் கூவிகள் வந்தார்கள். கூவி என்பவன் கூலிக்குக் கத்துகிறவன். பற்பொடிக்காகக் கத்துவான், கூந்தல் தைலத்துக்காகக் கத்துவான், நகைச் சீட்டுக்காகக் கத்துவான். ஒருவர் பேசுமுன் ஒரு கூவி கத்தி முடிக்க வேண்டும் என்பது ஆதிச் சட்டம். பிறகு மாமன்னர் செவிசாய்க்கும் செம்மல் விருந்தோம்பல் சட்டத்தைக் கொண்டுவந்தார். வாசலுக்கு வந்தவரை மறிப்பது நம் முன்னோர் மரபல்ல. ஆகவே ஒரு குரலுடன் எத்தனை கூவிகள் வந்தாலும் அத்தனை பேரையும் உள்ளே விட வேண்டும், அவர்கள் முடித்த பிறகே மற்றவர் பேச வேண்டும் என்றது அந்தச் சட்டம். சபையில் எல்லோரும் கண்கலங்கி அதை ஆதரித்தார்கள்.

மருதன் ஒலிக்கல்லூரியில் படித்து அங்கேயே பாடம் சொல்லிக்கொண்டிருந்தான். மனைவி நல்லினி. அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. ஒருநாள் அவன் வகுப்பில் நின்றபோது கல்லூரிக் குழாயில் அவள் குரல் வந்தது. "நல்லினி" என்று பெயர் மட்டும் சொன்னாள். பிறகு சட்டப்படி கூவிகள் வந்தார்கள். தைலம். பற்பொடி. மாமன்னரின் முடிசூட்டு நாள் வாழ்த்து. அது நீளமானது. மருதன் குழாயில் காதை வைத்தபடி நின்றான். வாழ்த்து முடிந்தபோது மறுமுனையில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு ஓடி வந்தபோது, அடுத்த வீட்டுக் கொற்றியக்கா தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் அழவில்லை. அழுதால் நல்லது என்று சிலர் சொன்னார்கள். துக்கம் விசாரித்த குரல்களோடும் கூவிகள் வந்தார்கள். ஈமச் சடங்குக்குச் சலுகை விலையில் சந்தனக்கட்டை. மறுமணத்துக்கு ஏற்ற வரன்கள்.

மருதன் பழைய துணியைக் கிழித்து ஒவ்வோர் அறைக் குழாயின் வாயிலும் அடைத்துப் பார்த்தான். கூடத்தில் அடைத்தால் அடுக்களையில் கத்தினார்கள். அடுக்களையில் அடைத்தால் படுக்கையறையில் கத்தினார்கள். எல்லாவற்றையும் அடைத்தபோது பால்காரி குரலும் வரவில்லை. அறை அறையாக அலைந்து ஓய்ந்தபோது அவன் பார்வை வாசல் மைனாவின் மேல் விழுந்தது. வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு குரலும் அந்த ஒரு பறவையைத் தாண்டித்தான் வருகிறது.

அன்றிலிருந்து அவன் அதன் எதிரில் உட்கார்ந்தான். மூடிய கையில் கம்பு. கூவியின் பெயர் வந்ததும் மைனாவிடம், "அப்படி ஒருவரும் இல்லை" என்பான். அதைத் திருப்பிச் சொன்னால்தான் கை திறக்கும். பறவை முரண்டு பிடித்தது. பிறகு பசித்தது. பிறகு கற்றுக்கொண்டது. ஒருநாள் தைலக் கூவி வந்து தன் பெயரைச் சொன்னான்.

"அப்படி ஒருவரும் இல்லை" என்றது மைனா.

குழாயில் வந்து பேசுகிறவனிடமே நீ இல்லை என்று சொல்வது விசித்திரம்தான். ஆனால் கூவியும் செவிநாட்டான். மைனா சொன்னால் சொன்னதுதான். கொஞ்ச நேரம் குழாயில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் போய்விட்டான். வீடு முழுக்க, எல்லா அறையிலும், அமைதி. மருதனுக்கு அதில் மகிழ்ச்சி என்று சொல்லும்படி ஒன்றும் வரவில்லை. யாராவது கூப்பிட்டால் இனிக் கேட்கும். அவ்வளவுதான்.

கொற்றியக்கா இடியாப்பம் விற்கிறவள். மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"தம்பி, உன் வீட்டுல குழாய் உடைஞ்சு போச்சா? ஒரு நாயும் கத்தக் காணோம்."

"உடையலக்கா. மைனாவுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"அட, எனக்கும் சொல்லிக் குடு."

"கம்பை இடது கையில மூடி வச்சுக்கணும். கூவி பேரு வந்த உடனே..."

"நிறுத்து, நிறுத்து. காலையில மாவு இடிக்கணும், பிழியணும், தெருத்தெருவா விக்கணும். வந்து மைனாவுக்கு வாத்தியார் வேலையும் பார்க்கணுமா? மாட்டினா வேலை செய்யணும். அந்த மாதிரி ஒண்ணு இருந்தா குடு. இல்லாட்டி உன் படிப்பை நீயே வச்சுக்க."

மருதன் யோசித்தான். அவள் சொன்னது நியாயம். படித்தவன் வீட்டில் மட்டும் அமைதி இருந்தால் அது என்ன அமைதி? நல்லினி கூப்பிட்டது போல இந்தத் தெருவிலும் யாராவது கூப்பிடுவார்கள்.

அவன் ஒன்றைக் கவனித்திருந்தான். விடியலில் தன் மைனா கூரையில் ஏறிப் புதிதாகக் கற்றதைக் கத்தும். அதைக் கேட்கும் மற்ற மைனாக்களும் கத்தும். ஆகவே அந்த ஒரு பறவையை மட்டும் நன்றாகப் பழக்கினான். அதற்குத் தாய்மைனா என்று பெயர் வைத்தான். அதனோடு வளர்ந்த குஞ்சுகளைக் கூண்டோடு வீடுகளுக்குக் கொடுத்தான். "கூண்டை மாட்டுங்க. கம்பு போடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்." புதுக் கூவி ஒருவன் முளைத்தால் மருதன் தாய்மைனாவுக்கு மட்டும் சொல்வான். மறுநாள் மதியத்துக்குள் ஊரே அவனை இல்லை என்றுவிடும்.

"சும்மா ஒரு தடவையாவது நீங்களும் பழகிக்கோங்கக்கா" என்றான் கொற்றியிடம்.

"எதுக்கு? அதான் தன்னால கத்துக்குதே. யாரு சொல்லிக் குடுத்தா எனக்கென்ன, சத்தம் இல்ல. அது போதும்."

அவன் வற்புறுத்தவில்லை.

கூவிகள் சங்கம் அரண்மனை வாசலில் கூடிக் கத்தியது. கத்துவது அவர்கள் தொழில் என்பதால் யாரும் அதைப் போராட்டம் என்று முதலில் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒலித்துறை அமைச்சர் பேர்வாய்க்கிழார் ஓர் ஆணை பிறப்பித்தார். பொய் பேசும் பறவைகள் விசாரிக்கப்படும். விசாரணைக்கு மருதன் வீட்டுக்குத் துணை ஆணையர் நெடுஞ்செவியர் வந்தார். கொற்றியும் தெருவும் பின்னால் நின்றார்கள். அவர் மைனாவின் முன் நிமிர்ந்து நின்றார்.

"பறவையே, தைலக் கூவி என்பவர் இந்நாட்டில் இருக்கிறாரா, இல்லையா?"

"அப்படி ஒருவரும் இல்லை."

"அரசு ஆவணங்களின்படி அவர் இருக்கிறார். மீண்டும் கேட்கிறேன்."

"அப்படி ஒருவரும் இல்லை."

"நான் யார் தெரியுமா? ஒலித்துறைத் துணை ஆணையர் நெடுஞ்செவியர்!"

அவர் கத்திய விதம் மைனாவுக்குப் பழகிய விதம். அது கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது.

"அப்படி ஒருவரும் இல்லை."

"ஐயா, அது பொய் சொல்லாதுங்களே" என்றாள் கொற்றி, கவலையோடு.

தெருவே சிரித்தது. மருதனும் சிரித்தான். நல்லினி போன பிறகு அதுதான் முதல் தடவை. ஆனால் தாய்மைனா மறுநாள் கூரையேறி அதையும் கத்திவிட்டது. தெருத்தெருவாகப் போன சேதியைக் கருவூலத்து மைனாவும் கற்றுக்கொண்டது. துணை ஆணையர் சம்பளத்துக்குப் போனபோது, இல்லாதவருக்குச் சம்பளம் தருவதற்கு விதியில்லை என்று கருவூலர் வருத்தத்தோடு சொன்னார். நெடுஞ்செவியர் தம் அடையாள முத்திரையைக் காட்டினார். முத்திரை இருக்கிறது, நீங்கள்தான் இல்லை என்றார் கருவூலர்.

ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அமைச்சர் பேர்வாய்க்கிழார் சிரிக்கவில்லை. அவர் அன்று முழுவதும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார் என்கிறார்கள்.

முதலில் உறவுமுறைச் சட்டம் வந்தது. கூவிகள் இனி அத்தை, சித்தப்பா, ஒன்றுவிட்ட அண்ணன் ஆகிய பெயர்களில் வரலாம். அந்தப் பெயர்களை எந்த மைனாவும் மறிக்காது. வீடுகளில் மறுபடி கத்தல்.

"அத்தை பேசுறேன்னு வந்து பற்பொடி விக்கிறான் தம்பி" என்றாள் கொற்றி. "நேத்து எங்க நிஜ அத்தை கூப்பிட்டா. 'போடா பற்பொடி'ன்னு மூடிட்டேன். அவ இனிமே இந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டாளாம்."

ஊர் வெறுத்துப்போயிருந்த நேரத்தில் தேர்தல் அறிவிக்கப்பட்டது. செவிநாட்டில் அரசரையும் தேர்தலில்தான் தேர்ந்தெடுப்பார்கள். மாமன்னரின் வாக்குறுதி ஒன்றே ஒன்று. வீட்டுக்கு வீடு விலையில்லா மைனா.

பேர்வாய்க்கிழார் மருதனின் வீட்டுக்கே வந்தார். பல்லக்கை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றினார்.

"மருதனாரே, தாங்கள் ஒரு தெருவுக்கு அமைதி தந்தீர்கள். நாம் ஒரு நாட்டுக்குத் தர விழைகிறோம். மலையடிவாரத்தில் பாமரர்கள் இன்னும் கூவிகளின் நடுவே வாடுகிறார்கள். அவர்களுக்குக் கூண்டு வாங்க வழியுமில்லை; பழக்க அறிவுமில்லை. தாய்மைனாவைத் தாருங்கள். அதை அரண்மனைக் கோபுரத்தில் அமர்த்துவோம். ஒரே விடியலில் நாடு முழுதும் கற்றுக்கொள்ளும்."

"அதுக்கு யார் சொல்லிக் குடுப்பாங்க?"

"அதற்கென்று ஒரு வல்லுநர் குழு. குடிமக்களுக்கு எள்ளளவும் சிரமம் கூடாது என்பதே இந்த அரசின் கொள்கை."

"கூவிகள் வரமாட்டாங்களா? ஒருத்தர்கூட?"

"ஒருவர்கூட வரமாட்டார்" என்றார் அமைச்சர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கள் இல்லாளுக்கு நேர்ந்தது இனி ஒருவருக்கும் நேராது."

மலையடிவாரத்தில் ஏதோ ஒரு வீட்டில் ஒருத்தி குழாயில் பெயரைச் சொல்லிவிட்டு மூச்சுக்குத் திணறுவதை மருதன் நினைத்தான். எழுந்து போய்க் கூண்டை எடுத்துவந்து கொடுத்தான்.

விலையில்லா மைனாக்கள் வந்தன. ஒவ்வொரு கூண்டிலும் மாமன்னரின் முகம். பழைய மைனாக்களைப் பாதுகாப்பு கருதித் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முதல் வாரம் நாடே அமைதியில் திளைத்தது. பிள்ளைகள் தூங்கினார்கள். கிழவர்கள் தங்களுக்குக் காது கேட்காமல் போய்விட்டதோ என்று பயந்தார்கள். கொற்றி மாமன்னர் படத்துக்குப் பூ வைத்தாள்.

தேர்தலில் எதிர்த்து நின்ற மூவரும் குழாயில் பேச வந்தார்கள். வீட்டுக்கு வீடு, அப்படி ஒருவரும் இல்லை. எதிர்ப்பாளர் எவரும் இல்லாத நிலையில் மாமன்னர் வென்றார். பெரிய ஏமாற்றம் யாருக்கும் இல்லை. சத்தம் இல்லாத தேர்தல் என்று பாராட்டினார்கள்.

அதன்பிறகு பற்பொடியும் தைலமும் அரசு அறிவிப்பு என்ற பெயரில் வரத் தொடங்கின. அரண்மனைக்குப் பணம் கட்டியவர்கள் அப்படி வரலாம். அவர்களை மைனா வணக்கத்தோடு உள்ளே விட்டது. ஏரி உடைந்ததைச் சொன்ன கரைக்காவலர் இல்லாமல் போனார். அரண்மனை மருந்தில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று சொன்ன மருத்துவச்சி வள்ளையம்மை இல்லாமல் போனாள். அவள் கையால் பிறந்தவர்கள்தாம் அந்த ஊரில் பாதிப்பேர்.

"அப்படி ஒருத்தி இருந்தாளே?" என்பார்கள்.

"மைனா இல்லைங்குதே."

"அப்ப வேற யாரோ போல."

மருதன் அரண்மனைக்குப் போனான். வாயிற்காவலன் அவனுக்குத் தெரிந்தவன். ஒலிக்கல்லூரியில் அவனிடம் படித்தவன். பெயரைச் சொல்லச் சொன்னான். மருதன் சொன்னான்.

"அப்படி ஒருவரும் இல்லை" என்றது வாசல் மைனா.

"நீங்க நிக்கிறது தெரியுது ஐயா" என்றான் காவலன், தலையைக் குனிந்துகொண்டு. "நான் பார்க்கிறேன். ஆனா மைனா இப்படிச் சொல்லும்போது நான் என்ன செய்ய?"

பறவைக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்களின் பெயர்களை வல்லுநர் குழு முதலிலேயே எடுத்துவிட்டது என்று அவன் பிறகு ரகசியமாகச் சொன்னான்.

மருதன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். கல்லூரியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. பால்காரி வரவில்லை. இல்லாதவனுக்குப் பசிக்கத்தான் செய்தது. கொற்றியின் வீட்டு மதில் பக்கம் எப்போதாவது இடியாப்பத் தட்டு ஒன்று இருக்கும். யார் வைத்தது, யாருக்கு வைத்தது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கதறல் கேட்டது. குழாயில் அல்ல, காற்றில். கொற்றியின் மருமகள் செம்பி நிறைமாதம். பிறகு கொற்றியின் குரல்.

"வள்ளையம்மை! மருத்துவச்சி வள்ளையம்மை!"

"அப்படி ஒருவரும் இல்லை."

"கண்ணு, நல்லாக் கேளு. வள்ளையம்மை. எம் புள்ளைய எடுத்தவ. இந்தா கம்பு, இன்னும் போடுறேன். வள்ளையம்மை."

"அப்படி ஒருவரும் இல்லை."

செம்பி மறுபடி கதறினாள். கொற்றி வேறொரு பெயரைக் கூப்பிட்டாள்.

"மருதா! மருதன்! அடுத்த வீட்டு மருதன்!"

"அப்படி ஒருவரும் இல்லை."

மதிலுக்கு இந்தப் பக்கம் மருதன் நின்றுகொண்டிருந்தான். செம்பி மூச்சிரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அவனுக்கு அந்த அமைதி தெரியும். ஒருதடவை அதில் காதை வைத்தபடி நின்றிருக்கிறான்.

அவன் தெருவில் இறங்கிக் கொற்றியின் வாசலுக்குப் போனான். கையை ஓங்கியவன் ஒரு கணம் நிறுத்தினான். தட்டுவது எதற்கு என்று அவனுக்கும் தெரியும். தட்டினான்.

கொற்றி வெளுத்த முகத்தோடு திறந்தாள். கண்ணெதிரே நிற்பவனைப் பார்த்தாள், திரும்பி மைனாவைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள்.

"ஐயோ, யாருப்பா போனது?"

"இன்னும் யாரும் போகலக்கா. அதான் தட்டுறேன். வள்ளையம்மை வீடு எங்க இருக்கு?"

அவளுக்குத் தெரியவில்லை. செவிநாட்டில் யாருக்கும் யார் வீடும் தெரியாது. தெரியவேண்டிய தேவை இருந்ததில்லை. மருதன் அடுத்த கதவைத் தட்டினான். அதற்கடுத்த கதவையும் தட்டினான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எழவு வீட்டுக்குக் கிளம்பும் முகத்தோடு ஆண்கள் வந்தார்கள். பெண்கள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே வந்தார்கள்.

"யாரு போனது?"

"யாரும் போகல. வள்ளையம்மை வீடு எது?"

"அப்படி யாரும்..." என்று ஒருவர் மைனாவைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய தாடையில், பிறந்தபோது மருத்துவச்சியின் கைபட்டு விழுந்த ஒரு தழும்பு இருந்தது. அதைத் தடவிக்கொண்டார். தெரியாது என்றார். பிறகு தெருவில் இறங்கி, தாமே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

தெருவெல்லாம் தட்டும் சத்தம். அடுத்த தெருவுக்கும் போனது. கடைசியில் சாயப்பட்டறைக்குப் பின்னாலிருந்த ஒரு வீட்டுக் கதவைத் திறந்து கிழவி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "நான்தான்" என்றாள். கூப்பிட யாரும் வராததால், தான் செத்துவிட்டோமோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம் இருந்ததாம்.

அரண்மனைவரை சத்தம் கேட்டது. ஊரே தட்டுகிறது என்றால் போனவர் மிகப் பெரியவராக இருக்க வேண்டும். யார் போனது என்று மாமன்னர் கேட்டார். அமைச்சருக்குத் தெரியவில்லை. மைனாவிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாமே என்றார். மாமன்னர் தம் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, கேட்க வேண்டாம் என்றார்.

மாலையில் செம்பிக்குப் பெண் பிறந்தது. வள்ளையம்மை கை கழுவிக்கொண்டிருந்தாள். மருதன் வாசலில் உட்கார்ந்திருந்தான். அவன் முகம் நனைந்திருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. கொற்றி கம்புப் பானையோடு வெளியே வந்து, கூண்டின் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மாமன்னர் படத்தைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் வைத்தாள்.

"தம்பி, இடது கையில வச்சுக்கணும்னு அன்னைக்குச் சொன்னியே. அது எதுக்கு?"

"வலது கையால மூடியைப் பிடிச்சுக்கத்தான்க்கா. அது உங்க கையில இருக்கணும்."

கொற்றி மாவு பிழிந்து காய்த்த வலது கையால் மூடியைப் பிடித்தாள். இடது கையை மூடி நீட்டினாள்.

"சொல்லு" என்றாள். "வள்ளையம்மை."

மைனா கழுத்தைச் சாய்த்து அந்தக் கையைப் பார்த்தது.